செம்பில் எழுதிய ஜாதகம்

ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கிய தமிழர்களில் முட்டாள்கள் பலர் உண்டு. ஆனால் யோசித்து, திட்டம் போட்டு, ஆசாரியிடம் கூலியும் கொடுத்து முட்டாளானவன் நான் ஒருவன்தான்.

நான் வேலை பார்த்த கம்பெனியில் பழைய தஸ்தாவேஜுகள் அடைத்த அறைதான் என் ராஜ்யம். மழைக்காலத்தில் காகிதம் ஊறிக் கூழாகும். ஊறாததைக் கரையான் தின்னும். அதனால் காகிதம் என்றாலே எனக்கு இளக்காரம். ஓலையை நம்புகிறவர்களையோ நான் மனிதர்களாகவே சேர்த்ததில்லை. அந்தக் காலத்து ராஜாக்கள் செப்பேட்டில் அல்லவா வெட்டி வைத்தார்கள்!

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஓலை என் தம்பியின் ஜாதகம். அதில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. போதாதா? பாத்திரத்தில் பெயர் வெட்டும் வங்காளி ஆசாரியிடம் செப்புத் தகட்டைக் கொடுத்து, கட்டங்களையும் பிறந்த நாழிகையையும் பொறிக்கச் சொன்னேன். ஆழமாக வெட்டட்டுமா என்று கேட்டார். எனக்கு நாசூக்கு முக்கியம். மெல்லிய கோடாகவே போடச் சொன்னேன். பிறகு ஓலையைக் கங்கையில் விட்டேன்.

"இனிமே ஆயிரம் வருஷத்துக்குக் கவலையில்லைடா!"

"ஆயிரம் வருஷம் கழிச்சா அண்ணா எனக்குக் கல்யாணம்?" என்றான் தம்பி.

அவனுக்கு அவசரம் இருந்தது. பவானிபூரில் ஒரு பாங்க் உத்தியோகஸ்தர் வீட்டுக் கொலுவில் பாடிய பெண்ணைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சில மழைக்காலம் போய், அந்தப் பெண்ணின் தகப்பனாரே ஜாதகம் கேட்டு வந்தார். தம்பி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பூஜை அலமாரியிலிருந்து தகட்டை எடுத்து வந்து நீட்டினேன். அவர் முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார்.

"ஓய், இதுல என் மூஞ்சிதானே தெரியறது? கட்டம் எங்கே?"

பிடுங்கிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. பளபளவென்று இருந்தது.

"இதை என்னடி பண்ணினே?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ச்சேன். பூஜைச் செம்பைக் களிம்பு பிடிக்க விடுவாளா யாராவது?" என்றாள் என் மனைவி.

நான் கேவலமாக நினைத்த ஆபீஸ் காகிதம்கூட அழுக்கோடு பிழைத்துக் கிடந்தது. என் செப்பேடு சுத்தத்தினால் செத்தது. பிறந்த நேரம் தெரிந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் வாசல் வரை பின்னாலேயே ஓடினேன். "ஜாதகம் போனா போறது, மாமா. பையன்கிட்ட என்ன குறை, சொல்லுங்கோ!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பையன் தேவலை, தமையன்தான் சகிக்கலை."