பனிக்கட்டியிலிருந்து விழுந்த கல்

கூலாயில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. சமையலறை மேடைகளுக்குக் கிரானைட் அறுத்து மெருகேற்றிக் கொடுக்கிறேன். என் தங்கை நிலவியல் படித்தவள். பண்டார் தெங்காரா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து எங்களை வளர்த்த அம்மாவிடம், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேருக்கும் கல்லுதான்" என்பார்.

முனைவர் பட்டத்துக்குத் தங்கை எடுத்துக்கொண்டது, கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தின் ஓரம் உடைந்த கதை. மேற்கு மலாயா ஒரு காலத்தில் அந்த ஓரத்தில், ஆஸ்திரேலியாவை ஒட்டிக் கிடந்ததாம். பிறகு பிளந்து, வடக்கே நகர்ந்து, தனக்கு முன்பே பிரிந்து வந்திருந்த கிழக்குத் துண்டோடு மோதி ஒட்டிக்கொண்டதாம்.

ஒரு சனிக்கிழமை, பெர்லிஸ் பக்கம் சாலைக்காக வெட்டிய மேட்டில் எடுத்த சேற்றுப் பாறை ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். அதன் பக்கவாட்டில் வேறு நிறக் கல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. கடலில் மிதந்த பனிக்கட்டி உருகியபோது அதிலிருந்து அடிச்சேற்றில் விழுந்த கல் அது என்பது அவள் கட்சி; அப்படியானால் இந்த நிலம் அப்போது குளிர்ந்த தெற்கில் கிடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. சேறு சரிந்தபோது கூடவே உருண்டு வந்திருக்கலாம் என்பது அவளுடைய பேராசிரியர் கட்சி.

"நடுவுல அறுத்தா தெரிஞ்சிடும்ணே. மேலேருந்து விழுந்திருந்தா கீழ உள்ள வரி அமுங்கியிருக்கும். யுனிவர்சிட்டி மெஷின்ல மத்ததெல்லாம் உடைஞ்சி போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

"இதுவும் உடைஞ்சா?"

"திரும்பப் போய்த் தேடணும். நீங்க அறுங்க."

கிரானைட் என்றால் யோசிக்கவே மாட்டேன். இதுவோ தண்ணீர் பட்டாலே உதிரும் பாறை. உள்ளே இருப்பது இரும்பு மாதிரியான கல். விரிசல்களில் பசை ஊற்றி, மறுவாரம் வரை காயவிட்டேன். இருப்பதிலேயே மெல்லிய வைரத் தகட்டைப் பூட்டி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அறுத்தேன். "மெதுவா லா, அண்ணே" என்று அவள் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாறை இரண்டு முழுப் பாதிகளாகப் பிரிந்தது. துடைத்துப் பார்த்தோம். கல்லுக்கு அடியில் சேற்று வரிகள் கிண்ணம் போலக் குழிந்திருந்தன. பிறகு படிந்த வரிகள் அதன்மேல் போர்வை போல வளைந்து கிடந்தன.

தங்கை அந்தக் குழிவைச் சுண்டுவிரலால் தடவினாள். "அமைதியான கடலுண்ணே. இது மட்டும் தொப்புன்னு விழுந்திருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் குளிரு முடிஞ்சிடுது. இதுக்கு மேல சுண்ணாம்புக் கல்லு, அது சூடான கடல்ல உண்டானது. நிலம் ஒடிஞ்சி வடக்க கெளம்பிடுச்சு."

பல்கலைக்கழகத்தில் தேர்வாளர்கள் முன் அவள் தன் ஆய்வை விளக்கிய நாளில் அம்மாவோடு போயிருந்தேன். பேராசிரியர் அறுத்த பாதியை உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்தார். தனக்கு இனி மறுப்பில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பிறகு, இதை அறுத்தது யார் என்று கேட்டார்.

"என் அண்ணன்" என்று மலாயில் சொல்லி, என்னைக் கைகாட்டினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை இப்போது அங்கேயே விரிவுரையாளர். அறுக்கச் சிக்கலான பாறை கிடைத்தால் பேராசிரியர் அதை எனக்குத்தான் அனுப்புகிறார்.