மூத்தாளை விரட்டிய அத்தியாயம்

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது என் வேலை. மதியம் சாப்பிட அரை மணி நேரம் விடுவார்கள். பத்து நிமிடத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டு, மீதி நேரத்தில் கம்பெனி வாசல் மரத்தடியில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு நாவல் எழுதினேன். முழுக்கச் சொந்தக் கதை என்று பீற்றிக்கொள்ள முடியாது. இரண்டு சேனல்களின் இரண்டு பேய் சீரியல்களை ஒன்றாகக் கலக்கியது. ஒன்றில், செத்துப்போன மூத்த மனைவி அதே வீட்டில் பேயாக உலவி, இளையாளைப் பாடாய்ப் படுத்துவாள். மற்றதில் ஒரு பெண் மந்திரவாதி ஊர் ஊராகப் போய்ப் பேய் ஓட்டுவாள். அவள் இந்த வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? அது தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன்.

கதை படிக்கிற ஆப் ஒன்றில் வாரம் ஓர் அத்தியாயம் போட்டேன். அடியில் வாசகர்கள் கருத்து எழுதுவார்கள். எழுதுவார்கள் என்பதைவிட, கட்சி கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்பதே சரி. மந்திரவாதிக்கு இந்த வாரம் இரண்டே வசனம், இது ஓரவஞ்சனை என்றார் ஒருவர். எங்கள் மூத்தாள் இப்படியெல்லாம் கெஞ்ச மாட்டாள், சீரியலை ஒழுங்காகப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றார் இன்னொருவர். பேய் என்றால் வெள்ளைப் புடவைதானே, இது ஏன் எந்நேரமும் பச்சைப் புடவையிலேயே சுற்றுகிறது, மாற்றுப் புடவை கிடையாதா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உங்கள் வீட்டுப் பேய்க்கு நீங்கள் வெள்ளை கட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன். ஆனாலும் அடுத்த சாப்பாட்டு நேரம் எப்போது வரும், புதிதாக யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கை பரபரக்கும். கண் எழுதும்போது இரண்டு பொம்மைக்கு மாறுகண் வந்து, மேஸ்திரியிடம் பாட்டு வாங்கினேன்.

இத்தனை பேர் சொன்னாலும் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருத்தியின் கருத்துதான். நான் என் கணவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, கம்மாபுரத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்தேன். வந்து ஆறு வருடமாகிறது. மூத்தவரின் மகள் இப்போது காலேஜ் படிக்கிறாள். என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது, எனக்கு எரிச்சலே அதுதான். சுவரில் அவள் அம்மாவின் போட்டோ இருக்கிறது. அந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. என் கணவரைக் கேட்டால் "நல்ல மனுஷி" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். நல்ல மனுஷி என்பதை வைத்து யாரை என்ன தெரிந்துகொள்வது? தெரிந்தவள் மகள் ஒருத்திதான். அவள்தான் எனக்கு அந்த ஆப்பையே போட்டுக் கொடுத்தாள். கதையைப் படித்தாயா என்று கேட்டால் மட்டும், "டைம் இல்ல சித்தி" என்பாள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மந்திரவாதி வேப்பிலையால் அடித்து மூத்தாளை வீட்டைவிட்டு விரட்டினாள். வாசகர்கள் வெடி வெடிக்காத குறை. இளையாள் தப்பித்தாள் என்று ஐந்து நட்சத்திரமாக வந்து விழுந்தது.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் பூவாடைக்காரி படையல். பூவோடும் பொட்டோடும் செத்துப்போன வீட்டுப் பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு முன்பு புதுப்புடவையும் பூவும் அவளுக்குப் பிடித்த பலகாரமும் வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அவள் உத்தரவு இல்லாமல் கல்யாண வேலை தொடங்காது. என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். படையல் போட வேண்டியவள் நான், போட வேண்டியது மூத்தவருக்கு. என்ன பிடிக்கும் என்று கணவரைக் கேட்டேன். "எது போட்டாலும் சாப்புடும்" என்றார்.

மகள் கூடத்தில் உட்கார்ந்து படையலுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாவுக்கு என்ன பலகாரம் புடிக்கும்?" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். "போன வாரம் வேப்பிலையால அடிச்சித் தொரத்துனீங்க. இந்த வாரம் என்ன புடிக்கும்னு கேக்கறீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படித்திருக்கிறாள்.

"அது சீரியல் பேய் இல்லியா?" என்றேன்.

"சீரியல் பேய்க்கு எதுக்கு எங்கம்மா போட்டோவுல இருக்கற பச்சப் பொடவயக் கட்டி வுட்டீங்க?"

சத்தியமாக நான் அதை யோசித்ததே இல்லை. போட்டோவைப் பார்த்தேன். பச்சைதான். வெட்கமாகப் போய்விட்டது. அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அழிக்க வேணாம். தப்புத் தப்பா எழுதியிருக்கீங்க, அதத்தான் சொல்றேன். எங்கம்மா அழுவாது. நீங்க எப்பப் பாத்தாலும் அழ வெக்கறீங்க. பஸ் ஸ்டாண்டு கடை மொளகா பஜ்ஜின்னா உசுரு. காரத்துல கண்ணுல தண்ணி ஊத்தும், அப்பவும் வுடாது. அதுக்குத்தான் அது கண்ணுல தண்ணி பாத்திருக்கறேன்." அடுத்த பூவை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மாவுக்குப் பேய்னாவே பயம். பேய் சீரியலு பாத்துட்டு, தோட்டத்துப் பக்கம் போக என்னத்தான் தொணைக்குக் கூப்புடும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், ஆறு வருடமாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நான் இந்த வூட்டுக்கு வந்ததப் பாத்தா என்ன சொல்லும்?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். ஆறுதலுக்கு ஏதாவது சொல்லிவைக்கிற பெண் இல்லை.

"உள்ளயே வுட்டிருக்காது சித்தி."

வலித்தது. ஆனால் அந்த நிமிடம் எனக்கு அந்த மனுஷியைப் பிடித்துப்போனது. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

படையலில் மிளகாய் பஜ்ஜி வைத்தோம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், மரத்தடியில் பதின்மூன்றாம் அத்தியாயத்தை எழுதினேன். மூத்தாள் திரும்பி வந்தாள். அழவில்லை. இளையாளையும் மந்திரவாதியையும் சேர்த்து வெளியே தள்ளித் தாழ் போட்டாள். உள்ளே உட்கார்ந்து, ஒருவருக்கும் கொடுக்காமல் பஜ்ஜி தின்றாள்.

முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டின. இது என்ன பேயா, கதையைக் கெடுத்துவிட்டீர்கள், இளையாள் என்ன பாவம் செய்தாள் என்று ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டியது. பதிலுக்கு ஒருவரோடும் சண்டை போடாமல் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் எங்கள் வீட்டுப் பெண்ணின் கருத்து இருந்தது.

"இப்பதான் அது மாதிரியே இருக்குது."