சுத்தியல் பிடித்த கையும் முதல் முடிச்சும்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஓர் இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியலைப் பிடித்துத் தகடுகளின் ஓரத்தைச் செதுக்க வேண்டும். அதைப் பிடித்தால் கை மட்டுமல்ல, பல்லும் ஆடும். அதனால் எங்கள் மேஸ்திரி ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். ஒரு தகடு முடிந்ததும் சுத்தியல் அடுத்தவன் கைக்குப் போய்விட வேண்டும். செதுக்கியவன் அடுத்த தகட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட வேண்டும்.

எனக்கு அந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. கோடு போடுவது ஓர் ஆம்பளை செய்கிற வேலையா? என் முறை முடிந்தாலும், "இதையும் முடிச்சுட்டுத் தரேன்" என்று அடுத்த தகட்டில் கை வைத்துவிடுவேன். கூட்டாளிகள் சண்டைக்கு வந்ததே இல்லை. ஓரமாகப் போய் ஆனந்தமாகப் பீடி பற்ற வைப்பார்கள். அதை என் மேல் வைத்திருந்த மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

"டேய், கையக் கொஞ்சம் மிச்சம் வைடா. கல்யாணம் பண்ணப் போறவன்" என்று மேஸ்திரி கத்துவார். கிழவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

மார்கழி பிறந்ததும், காலையில் சைக்கிளில் வரும்போது விரல்கள் வெள்ளை வெளேரென்று வெளுத்து மரத்துப்போயின. புத்தூர் வீட்டில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, ரத்தம் பத்தவில்லை என்று தினமும் முருங்கைக்கீரை சமைத்தாள். சுத்தியல் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கீரையைத் தின்று தீர்த்தேன்.

தை மாதம் ஸ்ரீரங்கத்துப் பெண்ணோடு கல்யாணம். விடியற்கால முகூர்த்தம். அதற்கு முன்னால் மாப்பிள்ளை காவிரியில் முங்கி எழ வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மச்சினன்மார் பார்க்கிறார்களே என்று நான் முங்கியதோடு நிற்காமல் கொஞ்சம் நீந்தியும் காட்டினேன். மணவறையில் வந்து உட்கார்ந்தபோது பத்து விரலும் என்னுடையதாக இல்லை.

கெட்டிமேளம் முழங்கியது. முதல் முடிச்சை நான் போட வேண்டும், மற்ற இரண்டையும் அக்கா போடுவாள். தாலிக்கயிற்றைப் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனேன். கயிறு விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியவில்லை. கூடியிருந்தவர்கள் கையில் அட்சதை தீர்ந்தது. நாதஸ்வரக்காரர் மூச்சுத் திணற ஊதிக்கொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளைக்கு இப்பவே கை நடுங்குதுங்க" என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. கயிறு கீழே விழுந்தால் அபசகுனம் என்பார்கள். அந்தப் பேச்சைக் காலமெல்லாம் சுமக்கப் போகிறவள் அவள்தான்.

அப்போது, குனிந்த தலை நிமிராமல், பூச்சடையைச் சரிசெய்வது போல அவள் கை பின்னால் வந்தது. கயிற்றை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. கண்ணால் பார்த்துப் பார்த்து ஒரு வழியாக முடிச்சைப் போட்டேன். அவள் விரல் கொடுத்ததை அக்காவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

மறுபடி வேலைக்குக் கிளம்பிய நாள் காலை, அவள் வெந்நீர் கொண்டுவந்து என் கைகளை அதில் முக்கினாள். வெளுத்த விரல்கள் வலியோடு சிவந்தன. பட்டறையில் இந்தக் கைக்கு என்ன வேலை என்று கேட்டாள். நான் சுத்தியல் மகாத்மியத்தைப் பெருமை பொங்கச் சொன்னேன்.

"கூட வேலை செய்யறவங்களுக்குக் கை இல்லீங்களா?"

"இருக்கு."

"அப்ப அவங்க முறைய அவங்ககிட்டயே குடுத்துடுங்க. அன்னிக்குக் கயித்த நான் புடிச்சுக்கிட்டேன். நாளைக்குப் புள்ளையத் தூக்கி இந்தக் கையில எப்படிங்க குடுப்பேன்?"

அன்று பட்டறையில் என் முதல் தகடு முடிந்ததுமே சுத்தியலை நீட்டினேன். அப்போதுதான் பற்ற வைத்த பீடியோடு கூட்டாளி என்னை முறைத்தான். அந்தப் பார்வையில் மரியாதை துளியும் இல்லை.