முப்பத்தொன்பதாம் வரி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தது. அதே ஆலையில் என் அப்பா, நைனா, ஆறு வருடமாகத் தற்காலிகக் கூலி. கம்ப்யூட்டர் மெட்ராஸில்தான் இருந்தது. புரோகிராமைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போவேன்.

தற்காலிகக் கூலிகளின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். வேலையில் சேர்ந்த தேதிப்படி வரிசை. முதல் நாற்பது பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். நைனா முப்பத்தொன்பது. நானே அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் அதிகாரி ஒரு தாளைக் கொடுத்தார். பதினொன்று, பன்னிரண்டாம் வரிகளில் இருந்த இருவர் வேலையை விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் நான்கு பேரைப் போட வேண்டும். முழுப் பட்டியலையும் மறுபடி அடிக்காமல், அந்தப் பகுதியை மட்டும் இருந்த இடத்திலேயே மாற்றும்படி எழுதினேன். இருவர் இடத்தில் நால்வர் உட்கார, கீழே உள்ளவர்கள் இரண்டு வரி இறங்க வேண்டும். கடைசி ஆளிலிருந்து நகர்த்த வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒருவர் மேல் ஒருவர் எழுதப்பட்டு அழிந்துபோவார்கள். முதல் ஓட்டத்திலேயே பிழையில்லாமல் வந்தது. கூட வேலை செய்த ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும் ரயிலில்தான் அச்சுத்தாளை வரி வரியாகப் படித்தேன். நைனா நாற்பத்தொன்றில் இருந்தார்.

மறுநாள் அதிகாரியிடம் போனேன். "நேத்து சேர்ந்த அந்த நாலு பேரு எப்படி சார் மேல வருவாங்க?"

"யாரையும் எடுத்துடலியேம்மா. உங்கப்பா பேரும் இருக்குதே."

"பழைய லிஸ்ட்டுப்படி பார்த்தா, சார்..."

"பழைய லிஸ்ட்டு ஏது? நீதானே அதும்மேலயே எழுதிட்டே."

நோட்டுப் புத்தகமாக இருந்தால் அடித்த கோடாவது மிஞ்சியிருக்கும்.

சாயந்திரம் பட்டியலை ஆலை கேட்டில் ஒட்டினார்கள். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. "எங்க கண்ணு நானு?" என்றார். நாற்பதுக்குக் கீழே இழுத்திருந்த கோட்டைத் தாண்டி விரலை வைத்தேன்.

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "இன்னாய்யா, பொண்ணு கம்ப்யூட்டர்ல கீது, நான் பெர்மனன்ட்டுன்னு சொல்லிக்கினு திரிஞ்சியே? மிசினு உன்ன மறந்துட்ச்சா?"

"நைனா, அது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பேச விடவில்லை. அந்த ஆளைப் பார்த்துச் சொன்னார்: "எம்பொண்ணு போட்ட லிஸ்ட்டுய்யா. அதுல தப்பு வராது. நான்தான் எண்ணத் தெரியாம சொல்லிக்கினு இருந்தேன்."