மூணாந்தரத் தக்காளி

எங்கள் எதிர்வீட்டுப் பஞ்சாட்சரம், ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் தலை நரைக்கும்வரை தரம் பிரித்தவர். ஆட்டுத்தோலை மேசையில் விரித்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, அம்மைத் தழும்பு எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். வேலையை விட்ட பிறகும் அந்த விரல் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் சோபாவைத் தடவிப் பார்க்கிற மனுஷன், தக்காளியை மட்டும் விடுவாரா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. அதில் இரண்டு கட்சி. அவருடையது பெங்களூர் தக்காளி: வழவழப்பான தோல், ஒரு கீறல் இருக்காது, பறித்து வாரம் ஆனாலும் கல்லு மாதிரி இருக்கும். மனைவி கோவிந்தம்மாளுடையது நாட்டுத் தக்காளி: சப்பையாக, மடிப்பு மடிப்பாக, காம்பைச் சுற்றி வெடித்திருக்கும். அழுத்திப் பிடித்தால் கையெல்லாம் சாறு.

"மூணாந்தரம்," என்பார் அவர்.

"தோலையா ரசம் வெக்கறது? வாயில போட்டுட்டுப் பேசுங்க," என்பார் அந்த அம்மா.

தினம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீடுவரை கேட்கும். அதைத் தவிர அவர்களுக்குள் வேறு சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

கொச்சியில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்தது. தலை நிற்கிறவரை இருந்துவிட்டு வருகிறேன் என்று அந்த அம்மா போனார். பேரனுக்குத் தலை நின்றது, நடந்தான், இப்போது பள்ளிக்கூடமும் போகிறான். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், அவரை எப்படி அனுப்புவார்கள்? பஞ்சாட்சரமும் அங்கே போய் இருந்து பார்த்தார். மாடி வீட்டில் கால் வைக்க மண் இல்லை என்று திரும்பிவிட்டார். யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

தனியாக இருந்த முதல் வருஷம் அவர் ஒரு காரியம் செய்தார். விதைக்குப் பழம் எடுக்கும்போது வழக்கம்போல விரல் சொன்னதைக் கேட்டார். வழவழப்பானதெல்லாம் விதைக்குப் போனது. வெடித்ததையெல்லாம் அள்ளிப் பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹானின் ஆடுகளுக்குப் போட்டுவிட்டார். அடுத்த மழைக்கு நாட்டுத் தக்காளி ஒன்றுகூட முளைக்கவில்லை.

கோவிந்தம்மாள் போன் செய்யும்போதெல்லாம், "என் செடி எப்டி இருக்குது?" என்று கேட்பார்.

"ஜோரா இருக்குது," என்று இவர் புளுகுவார்.

போனதிலிருந்து ஊர்ப்பக்கமே வராதவர், இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன் என்று சொன்னதும் இவருக்குத் தூக்கம் போய்விட்டது. தன் செடியைப் பார்த்தால் இங்கேயே இருந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. நாற்றுக்கு ஆம்பூர், திருப்பத்தூர் என்று அலைந்தார். கிடைத்ததெல்லாம் ஒட்டு ரகம். கடைசியில் ரஃபத் ஜஹான்தான் கூப்பிட்டார்.

"அண்ணா, ஆட்டுக் கொட்டகை ஓரமா ஒரு செடி நிக்குது. நீங்க அப்ப போட்ட பழத்தோட விதைதான் வருஷா வருஷம் விழுந்து மொளைச்சிருக்கும். பூ கூட உட்டுருக்குது."

வேர் மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார். வெயில் படாமல் பழைய குடையை விரித்துக் கட்டினார். ஒரு கொத்துப் பழம் வந்தது, சப்பையாக, வெடித்து. அதை அவர் தடவிப் பார்க்கவே இல்லை.

கோவிந்தம்மாள் வந்தார், திரும்பிப் போகும் டிக்கெட்டோடு. மத்தியானம் இவரே ரசம் வைத்து ஊற்றினார். நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார் அந்த அம்மா. "புளி ஜாஸ்தியா போட்டுட்டீங்களா?"

"புளியே போடல. உன் தக்காளி."

"அப்டியா? அங்க பேரனுக்குப் புளிப்பு ஆவறதில்ல. பெங்களூர் தக்காளிதான் வாங்கறது. எனக்கும் அதுவே பழகிப்போச்சு. நீங்க சொன்னதுதான் சரிங்க."

பஞ்சாட்சரம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று கோவிந்தம்மாள் பேரனுக்கென்று ஒரு பை தக்காளி பறித்தார். எல்லாம் பெங்களூர் தக்காளி. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் பையில் போட்டார்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்து பஞ்சாட்சரம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பறிக்கும்போது இந்தச் செடியக் காட்டி மூணாந்தரம்னு சொல்லிப் பார்த்தேம்பா," என்றார். "ஆமான்னுட்டா."