டேப் அக்காவின் மஞ்சள் ஸ்வெட்டர்

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவரை எல்லோரும் ‘டேப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நிகழ்ச்சிக்குள் எந்தப் பொருளுக்கும் விளம்பரம் கூடாது என்பது அங்கே சட்டம். எண்ணெய் பாட்டிலோ, விருந்தினரின் தொப்பியோ, கேமராவில் விழுவதற்கு முன் அதிலுள்ள கம்பெனிப் பெயரை டேப் ஒட்டி மறைப்பது அவர் வேலை. “தாயே, என் நெத்தியில மட்டும் ஒட்டிடாத!” என்று கணவர் வீட்டில் கிண்டலடிப்பார்.

அன்று காலை நேரலை. ஓட்டப் பந்தயத்தில் தங்கம் வென்ற பெண் மைதானத்திலிருந்து நேராக வருகிறாள் என்று ஸ்டுடியோவே தலைகால் புரியாமல் பரபரத்தது. கதவு திறந்ததும் அக்காவுக்குப் பகீரென்றது. அந்தப் பெண்ணின் சட்டை முழுக்க, தோளிலிருந்து இடுப்பு வரை, ஒரு ஷூ கம்பெனியின் பெயர்!

“வேற சட்டை கொண்டு வரலையே அக்கா!” என்றாள் அவள்.

“டேப் ஒட்டினா அடிபட்டுக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும்மா.”

அதற்குள் விற்பனைப் பிரிவு மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். நிலையத்தின் சின்னம் போட்ட கோப்பை, சட்டை, பை எல்லாம் விற்க அப்போதுதான் அந்தப் பிரிவைத் தொடங்கியிருந்தார்கள்.

“நம்ம சட்டையைப் போடுங்க! ஊரே பாக்கும்!”

“சார், இதுவும் கடையில விக்கிறதுதானே? அடுத்தவனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?”

மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “தயாரா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்கா யோசிக்கவில்லை. ஏசிக் குளிருக்காகத் தான் போட்டிருந்த மஞ்சள் ஸ்வெட்டரைச் சட்டென்று கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். ஒத்திகைகளுக்கு நடுவே அவரே பின்னியது. எந்தப் பெயரும் இல்லாதது.

மஞ்சள் மேல் பதக்கம் தகதகத்தது. கடைசி வளைவில் கால் இடறியும் விழாமல் பாய்ந்த கதையை அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னபோது, கேமராக்காரர் வேலையை மறந்து கைதட்டிவிட்டார். அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளிர் மட்டும் காரணமில்லை.

நிகழ்ச்சி முடிந்ததுதான் தாமதம், வரவேற்பறைத் தொலைபேசி ஓயவில்லை. “அந்த மஞ்சள் ஸ்வெட்டர் எங்க கிடைக்கும்?” எல்லோருக்கும் அதே கேள்வி!

மேலாளர் மறுபடி ஓடி வந்தார். “அக்கா, அந்த டிசைனைத் தர்றீங்களா? உங்களுக்கும் பங்கு உண்டு. மிச்ச லாபம் குழந்தைங்க நிகழ்ச்சிக்கு. உங்க பேர்லயே விக்கலாம்!”

“என் பேரா?” அக்காவுக்கு வாயெல்லாம் பல். “வைங்க சார், ஆனா காலருக்கு உள்பக்கமா வைங்க. வெளியில வெச்சா அதையும் நான்தான் மறைக்கணும்.”

உடனே கணவருக்குப் போன் போட்டார். மறுமுனையில், “அடி சக்கை!” என்று அவர் போட்ட சத்தத்தில் காதே அடைத்துக்கொண்டது.

விற்பனை தொடங்கிய நாளில் நிலையத்தின் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. முதல் ஆளாகக் கணவர் நின்றார். வந்தவர் போனவரிடமெல்லாம், “பின்னினது எங்க வீட்டம்மாங்க!” என்றார். ஓட்டக்காரப் பெண்ணும் அந்தப் பழைய ஸ்வெட்டரோடு வந்திருந்தாள். “இதை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க அக்கா!” என்று கட்டிக்கொண்டாள்.

மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. கணவர் மட்டும் இரண்டு வாங்கி வைத்திருந்தார்: தங்கைக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தன்னுடையது தொப்பையைத் தாண்டி இறங்கவே இல்லை. அப்படியே போட்டுக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்துத் தெரு முழுக்க நடந்தார்.