பெண் பிள்ளைகளின் பக்கத்துக் கதவு

இன்று தங்கச்சியைக் கூட்டிவர நல்லூரில் அவளுடைய ரியூசன் வகுப்புக்குப் போனேன். மேல்மாடி. பலகைத் தடுப்பு, தகரக் கூரை.

ஏறவும் இறங்கவும் முன்படி ஒன்றுதான். அந்தப் பக்கம் பொடியன்கள். உள்பக்கம் பெண் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், பின்படிக்குப் போகும் இன்னொரு கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. படிப்பிக்கிறவரிடம் கேட்டேன்.

"சேர், நெருப்புப் பிடிச்சால் இந்தப் பிள்ளையள் எப்பிடி வெளியிலை வாறது?"

"பின்படியிலை நிண்டு பொடியளோடை கதைக்கினம் எண்டு தாய்மார்தான் பூட்டச் சொன்னவை, தம்பி."

நெருப்பென்றால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களைப் பற்றிச் சொன்னேன்.

"மாரியிலை வாரும். எங்கடை கூரையும் தானாத் தெளிக்கும்."

வகுப்பே சிரித்தது. தங்கச்சி குனிந்துகொண்டாள்.

வரும் வழியில், "நாளைக்கு முன்படிப் பக்கம் இரு" என்றேன்.

"பொடியளுக்குப் பக்கத்திலையோ? அம்மா கொல்லுவா, அண்ணை."

பூட்டச் சொன்ன தாய்மாரில் அம்மாவும் ஒருவராம். வீட்டில் கேட்டேன்.

"ஓம், நானும்தான் சொன்னனான். பொம்பிளைப் பிள்ளை பெத்தவைக்குத்தான் உந்தப் பயம் விளங்கும்."

"அந்தப் பூட்டுக்குத் திறப்பு ஆரிட்டை இருக்கு?"

"அது எனக்கென்னண்டு தெரியும்?"

பெண் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புகிறவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா?